தோளைத் தட்டச் சொன்னா கழுத்தைப் பிடிக்கலாமா மாப்ள?

ஏனுங்க மாப்ள, அந்த ஸ்டூலைச் சித்த இப்பிடி இழுத்துப் போட்டு உக்காருங்க. மாமனார் பேசற பழமையை நின்னுக்கிட்டுக் கேட்டா காலு வலிக்கும். உக்காந்து கேட்டா மனசு மட்டுந்தான் வலிக்கும்.

நான் இந்த டெக்ஸாஸ் மண்ணுல எறங்கி இன்னியோட 17 நாளாச்சு. வந்த அன்னிக்கே ஒண்ணு கண்ணுல பட்டுது. கார் நிறுத்தறதுக்குன்னு கட்டுன கொட்டாயில கார் இல்லை. அது பாவம், கட்டுத்தாரையில எடங்கெடைக்காத கெழட்டு மாடாட்டம் வெளிய வெய்யில்ல காயுது. உள்ள எட்டிப் பாத்தா ஒரு மர பெஞ்சு, அதுமேல நெட்டைக் கைப்பிடி வெச்ச பிரஸ்ஸு, டப்பா டப்பாவாப் பித்தளை. "என்ன அம்மிணி, மாப்ள பாத்திரக் கடை வெக்கறாரா?"ன்னு கேட்டேன். "இல்லீங்கப்பா, சுட்ட தோட்டாக் கூட்டை எடுத்து வந்து, மறுபடி மருந்து போட்டு, குண்டு வெச்சுச் சுடறாரு. கடையில வாங்கறதை விட மிச்சமாம்"னு சொல்லுச்சு. மிச்சமாம்! பிரஸ்ஸு, டை, தராசு, காலிப்பரு எல்லாத்துக்கும் குடுத்த பில்லை நான் பாக்கலை. ஆனா அதைச் சொல்லும்போது என்ற மவ மொகத்தைப் பாத்தேன்.

சரி, அது உங்க காசு, உங்க ஆசை. இந்த ஊருச் சட்டம், தனக்குன்னு செஞ்சுக்கறவனை லைசென்ஸு கேக்கறதில்லை, வித்தாத்தான் கேக்கும்னு நீங்களே சொன்னீங்க. நம்மூர்ல திண்ணையில உக்காந்து இந்தச் சோலியைப் பாத்தா, 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டம் தேடி வந்து ஜீப்புல ஏத்திக்கும். அதனால எனக்கு இது புதுப் பொழப்பு. துப்பாக்கியைப் பத்தி நான் பேசமாட்டேன். ஆனா அளக்கறதைப் பத்திப் பேசலாமில்லீங்களா? கோயமுத்தூர்ல பம்புசெட்டுப் பட்டறையில 40 வருசம் லேத்துல நின்ன கையி இது. காலிப்பரை நீங்க பிடிச்சதைப் பாத்ததும் இந்தக் கையி தானா நடுங்குச்சு. வயசுக் கோளாறுன்னு அம்மிணி நெனச்சுக்கிச்சு. நானும் இல்லைன்னு சொல்லலை.

16 நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். மருமகன் ஊட்டுல சோறு திங்கறவன் அப்பிடித்தான் இருக்கோணும். நேத்து ராத்திரி நீங்க கையில ஒரு கூட்டை வெச்சுக்கிட்டு, "மாமா, என்னோட சோல்டர் பம்ப்பு பக்காவா இருக்கு"ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் தாங்க முடியலை.

பித்தளைக் கூடுன்னா என்ன? நம்மூட்டுச் செம்பாட்டந்தான். அடி இருக்குது, உடம்பு இருக்குது, மேல போகப் போகச் சரிஞ்சு தோள் இருக்குது, அப்புறம் கழுத்து, வாய். சோல்டர் பம்ப்புன்னு நீங்க சொல்றது அந்தத் தோளை டைங்கற அச்சுக்குள்ள விட்டுச் சித்த பின்னால தட்டி விடறது. எதுக்குத் தட்டோணும்? வெடிக்கறப்ப உள்ள வர்ற அமுக்கம் சாதாரணமில்லை. உங்க .308 வின்செஸ்டருக்குச் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரைக்கும் போலாம்னு கணக்கு. வெளிய காயற காரோட டயருல 35 பவுண்டு. 1,700 மடங்குக்கும் மேல! அந்த அமுக்கத்துல பித்தளை பலூனாட்டம் உப்பி, துப்பாக்கியோட அறைச் சுவத்துல நாலாபக்கமும் அப்பிக்குது. அமுக்கம் போனதும் பித்தளை மயிரிழை சுருங்கிக்குது. அதனாலதான் கூட்டை வெளிய இழுக்க முடியுது.

இதுல சூட்சுமம் என்னன்னா, சுட்டு வெளிய வந்த கூடு வெறும் குப்பை இல்லீங்க. அது உங்க துப்பாக்கி அறையோட வார்ப்பு. பவுண்டரியில மண்ணுல அச்சு எடுக்கறாப்பல, உங்க துப்பாக்கி தானே அச்சு எடுத்து, தானே வெளிய துப்பிக் குடுக்குது. "இதான் மாப்ள என்ற அளவு"ன்னு அது கையில குடுக்குது. நீங்க அதைக் கீழ போட்டுட்டு, சுடற ரேஞ்சுல பக்கத்துல நிக்கறவருகிட்டப் போய், "உங்களுக்கு எத்தனைங்க வருது?"ன்னு கேக்கறீங்க. கட்டுன பொண்டாட்டி சமைச்சு வெச்சிருக்க, எதிர்த்தூட்டு வாசல்ல போய் "இன்னிக்கி என்ன கொழம்பு?"ன்னு கேட்ட கதை.

முதமுதல்ல நீங்க என்ன பண்ணுனீங்க, ஞாபகமிருக்குதுங்களா? காலிப்பரோட ஒரு தாடையை அடியில வெச்சு, இன்னொண்ணை வாயில வெச்சு அளந்து, "தோள் ரெண்டு கொறைஞ்சிருக்கு"ன்னீங்க. தோளைக் கேட்டா கழுத்தை அளக்கறீங்க! வாய் வரைக்கும் அளந்தா அது கூட்டோட மொத்த நீளம். அது வேற வியாதி, அதுக்கு வேற மருந்து, வெட்டிச் சரி பண்றது. தோளு சரிவான எடம். சரிவுல எங்க அளப்பீங்க? மலைச்சரிவுல "ஊரு எங்க இருக்குது?"ன்னு கேட்டா, ஒரு மரத்தைக் காட்டித்தான் சொல்லோணும். அதுக்குத்தான் பெரியவங்க ஒரு வட்டத்தைக் குறிச்சு வெச்சிருக்காங்க. .308-க்கு அந்தச் சரிவுல சரியா 0.400 அங்குலம் குறுக்களவு வர்ற வட்டம். அடியில இருந்து அந்த வட்டம் வரைக்கும் எத்தனைன்னு பாக்கறதுதான் கணக்கு.

அந்த வட்டத்தைப் பிடிக்கறதுக்குன்னு ஒரு சாமான் வாங்கி வெச்சிருக்கீங்களே, கம்பரேட்டரு, காலிப்பர் தாடையில மாட்டற ஓட்டை போட்ட சின்ன உருளை. கழுத்து அந்த ஓட்டைக்குள்ள பூந்துக்கும், ஓட்டையோட விளிம்பு தோள்ல போய் உக்காரும். அருமையான சாமான். ஆனா அந்தப் பேருக்கு அர்த்தம் என்னன்னு பேரனைக் கேட்டேன். "ஒப்பிட்டுப் பாக்கறது தாத்தா"ன்னான். நாலாங்கிளாஸ் படிக்கற பையனுக்குத் தெரியுது. அது உண்மையான அளவைச் சொல்றதுக்கு வந்ததில்லை மாப்ள. சுட்ட கூடு எத்தனை, தட்டுன கூடு எத்தனை, ரெண்டுக்கும் வித்தியாசம் எத்தனை, அதை மட்டுந்தான் சொல்லும். ஒருத்தரு உருளையில ஓட்டை விளிம்பு கூரா இருக்கும், இன்னொருத்தருதுல மழுங்கி இருக்கும். அவருக்கு 1.624 காட்டறது உங்களுக்கு 1.626 காட்டும். அவரு நம்பரை நீங்க வாங்கிட்டு வந்து டையைத் திருகறது, அடுத்தவன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பேப்பர் படிக்கறாப்பல. எழுத்து தெரியும். தலை சுத்தும்.

இப்ப நேத்து ராத்திரிச் சமாச்சாரத்துக்கு வருவோம். நீங்க தூங்கப் போனதுக்கு அப்புறம், கெழவனுக்குத் தூக்கம் வரலை. கொட்டாயில லைட்டைப் போட்டு உக்காந்தேன். உங்க துப்பாக்கியில சுட்ட கூடு 10 எடுத்தேன். மொதல்ல அடியில இருந்த, ஊசி குத்துனாப் பத்திக்கற ப்ரைமரைத் தட்டி எடுத்தேன். நீங்க எடுக்கறதில்லை. சுட்டதுக்கு அப்புறம் அது பிதுங்கிப்போய், ஊசி குத்துன எடத்துல விளிம்பு தூக்கிக்கிட்டு நிக்கும். அதையும் சேத்து அளந்தா, செருப்போட நின்னு ஒசரம் அளந்த கணக்குத்தான். அப்புறம் துணியில கழுத்துக் கரியைத் தொடைச்சேன். அடியில பிசிறு இருக்குதான்னு நகத்தால தடவிப் பாத்தேன். காலிப்பரைச் சும்மா மூடி, பூஜ்யம் காட்டுதான்னு பாத்தேன். உருளையை மாட்டி, அதுல மறுபடி பூஜ்யம் வெச்சேன். ஒவ்வொரு கூட்டையும் மூணு வாட்டி அளந்தேன். அமுக்கறதில்லை. தாடை தோளைத் தொட்டதும் கூட்டை ரெண்டு வெரல்ல மெதுவாச் சுத்தணும். கோணலா நின்னுச்சுன்னா நம்பரு எச்சா காட்டும். நேரா உக்காந்ததும் கொறைஞ்சு ஒரு எடத்துல நிக்கும். அதான் நெசம். நீங்க காலிப்பரை அமுக்கற அமுக்குல எலுமிச்சம்பழமா இருந்தாச் சர்பத்தே வந்திருக்கும்.

சுட்ட கூடு பத்தும் 1.630-ல இருந்து 1.631 வரைக்கும் வந்துச்சு. எச்சா வந்தது எதுவோ, அதான் அறை முழுக்க ரொம்புன கூடு. ஒருவாட்டி மட்டும் சுட்ட கூடு சில சமயம் முழுசா விரியறதில்லை. ரெண்டு மூணு வாட்டி அடி வாங்குனதைத்தான் நம்போணும். அப்புறம் நீங்க "பக்கா"ன்னு டப்பாவுல அடுக்கி வெச்சிருந்த, தட்டுன கூட்டை அளந்தேன். 1.624. ரேஞ்சுக்காரரு நம்பரு அப்பிடியே, அட்சரம் பெசகாம! 1.631-ல இருந்து 1.624. எத்தனை ஆச்சு? 7 தவ்வு.

தவ்வுன்னா தெரியாதுல்ல? அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டு அதுல ஒரு பங்கு. எங்க பட்டறையில அதுதான் பேச்சு. ரெண்டு தவ்வுன்னா மெல்லிசா ஒரு தலைமயிரு கனம். உங்க தலையிலயே ஒண்ணு எடுத்துக் காட்டலாம்னு பாத்தேன். இருக்கறதைக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன்.

போல்ட்டு போட்டுக் கையால மூடற உங்க துப்பாக்கிக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு தவ்வு தட்டுனாப் போதும். தானா ஏத்திக்கற துப்பாக்கிக்கு மூணு நாலு குடுப்பாங்க, ஏன்னா அங்க கூட்டைத் தள்ளி மூட ஆளு இல்லை, ஸ்ப்ரிங்குதான். காட்டுப்பன்னி அடிக்கப் புழுதிக்குள்ள போறவன் ஒரு தவ்வு எச்சா வெச்சுக்கறான், சரி. நீங்க புல்லுல பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு அட்டையைச் சுடறவரு. உங்களுக்கு எதுக்குங்க 7 தவ்வு? கட்டில்ல ஒரு ஆளு படுக்க ரெண்டு ஆளு எடம் கேட்டாப்பல.

"தொழிற்சாலைத் தோட்டாவுக்கே அதைவிட எச்சா எடம் இருக்குதுங்க மாமா"ன்னு வாதம் பண்ணுவீங்கன்னு தெரியும். வாஸ்தவம். துப்பாக்கி, தோட்டா செய்யற கம்பெனிக எல்லாம் சேந்து 1926-ல ஒரு சங்கம் வெச்சிருக்காங்க. இங்கிலீசுப் பேரோட முதலெழுத்தைச் சேத்துப் படிச்சா "சாமி"ன்னு வருது! அந்தச் சாமி சொன்ன கணக்குப்படி .308 அறை 1.630-ல இருந்து 1.640 வரைக்கும் இருக்கலாம். தோட்டா 1.627-ல இருந்து 1.634 வரைக்கும் இருக்கலாம். ஏன் இத்தனை தாராளம்? எந்தக் கடையில வாங்குன தோட்டாவும் எவனோட துப்பாக்கியிலயும் நுழையோணும். அது ரெடிமேடு சட்டை. 42 இஞ்சின்னா 42 இஞ்சி, உள்ள நீங்க இருந்தாலும் சரி, நான் இருந்தாலும் சரி. ஆனா நீங்க டெய்லரு கடை வெச்சிருக்கீங்க மாப்ள! ஒரே ஆளுக்கு, ஒரே ஒடம்புக்கு, அதே துணியைத் திரும்பத் திரும்பத் தெச்சுக் குடுக்கற டெய்லரு. நீங்களும் ரெடிமேடு அளவுக்கே தெச்சா, அந்த பெஞ்சு எதுக்கு, காரு ஏன் வெய்யில்ல நிக்கோணும்?

சரி, 7 தவ்வு தட்டுனா என்ன கெட்டுப்போச்சு? இப்ப நான் காட்டறதைப் பாருங்க. இந்தக் காகிதம் குத்தற க்ளிப்பை நீட்டி, நுனியை மட்டும் கொக்கியாட்டம் வளைச்சிருக்கேன். நாலு வாட்டி சுட்ட உங்க கூட்டுக்குள்ள இதை விட்டு, அடியைத் தொட்டு, சுவத்தை ஒட்டி மேல இழுங்க. மெதுவா. ம்... தடுக்குதுல்ல? அடியில இருந்து சித்த மேல, பள்ளம் மாதிரி? வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க, அதே எடத்துல பளபளன்னு ஒரு வளையம், மோதிரம் போட்டாப்பல. அழகா இருக்குதுன்னு நெனச்சிருப்பீங்க. அது மோதிரமில்லை மாப்ள, சுருக்குக் கயிறு.

நம்பிக்கையில்லைன்னா இதோ, ராத்திரி ஒரு கூட்டை நெடுக்கா ஹாக்ஸா பிளேடால ரெண்டாப் பொளந்து, அரத்துல தேச்சு வெச்சிருக்கேன். உங்க பிளேடுதான். மழுங்கிப்போச்சு, மன்னிச்சுக்கோங்க. வெளிச்சத்துல பிடிங்க. அடியில கனமான பித்தளை, அதுக்கு மேல சுவரு. ரெண்டும் சேர்ற எடத்துக்குச் சித்த மேல பாருங்க, உள்பக்கமாக் குடைஞ்சு, சுவரு பாதியாத் தேஞ்சிருக்குது. எலி கடிச்ச தென்னங்குரும்பை மாதிரி.

எப்பிடி ஆச்சு? கூடு கட்டையா இருக்குது. ஊசி குத்துனதும் கூடு முன்னால போய்த் தோள் முட்டி நிக்குது. பின்னால போல்ட்டுக்கும் அடிக்கும் நடுவுல 7 தவ்வு சந்து. மருந்து வெடிச்சதும் முன்பக்கச் சுவரு மெல்லிசுங்கறதால அறையில அப்பிக்குது, நவுறாது. அடி கனமா இருக்கறதால அப்பறதில்லை, அது பின்னால போல்ட்டை நோக்கித் தள்ளிக்கிட்டுப் போகுது. முன்சக்கரம் சேத்துல மாட்டிக்கிட்ட வண்டியைப் பின்னால ட்ராக்டரு கட்டி இழுத்தா நடுவுல எது கிழியும்? அதே எடம்தான். ஒவ்வொரு வாட்டியும் இழுபடுது, நீங்க திரும்பத் தோளை 7 தவ்வு தட்டறீங்க, அடுத்த வாட்டி மறுபடி இழுபடுது. ஒருநாள் அடி தனியாக் கழண்டு கையில வரும், மிச்சக் கூடு அறைக்குள்ள மாட்டிக்கும். அத்தோட போனாப் பரவாயில்லை. அந்த 62,000 பவுண்டுல ஒரு பங்கு ஓட்டை வழியாப் பின்னால பீச்சினா, அங்க என்ன இருக்குதுன்னு நெனைக்கறீங்க? என்ற மவ ஆசையாப் பாத்துக் கட்டிக்கிட்ட மொகம் இருக்குது. அதனால அந்த டப்பாவுல இருக்கற கூட்டை எல்லாம் நான் நசுக்கித் தகரக் குப்பையில போட்டுட்டேன். கோவமிருந்தா மாமியாருகிட்டச் சொல்லுங்க.

இனி டையைத் திருகற சோலி. டப்பாவுல வந்த சீட்டுல, "கூடு பிடிக்கற ஹோல்டரைத் தொடற வரைக்கும் முறுக்கி, இன்னும் கால் சுத்து"ன்னு போட்டிருக்குதுன்னு மொதல்ல அப்பிடியே முறுக்குனீங்க. அது எல்லாருக்கும் எழுதுன சீட்டு, மறுபடியும் ரெடிமேடுதான். டையோட மரையைப் பாருங்க. அங்குலத்துக்கு 14 புரி. அப்ப ஒரு முழுச் சுத்துக்கு எத்தனை? 71 தவ்வுக்குக் கொஞ்சம் மேல. கால் சுத்துன்னா 18 தவ்வு! டையைக் கடியார முள்ளாட்டம் ஒரு நிமிசம் நவுத்துனா ஒண்ணேகால் தவ்வுக்குக் கொஞ்சம் கீழ. உங்களுக்கு வேணும்கற ரெண்டு தவ்வுக்கு ரெண்டு நிமிசம்கூட நவுத்த வேண்டாம். நீங்க கால் மணி நேரம் நவுத்தியிருக்கீங்க.

டையை மேல தூக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா எறக்கி, ஒவ்வொரு வாட்டியும் அளந்து பாருங்க. அப்ப ஒரு மாயம் நடக்கும், பயந்துக்காதீங்க. முதல்ல நம்பரு கொறையாது, ஏறும்! 1.631 இருந்தது 1.633 காட்டும். காலிப்பரு கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கக் கடைக்கு ஓடிடாதீங்க. அம்மிணி பிடிக் கொழுக்கட்டை பிடிக்கறதைப் பாத்திருக்கீங்களா? மாவை நடுவுல அமுக்குனா ரெண்டு நுனியும் நீளும். டை மொதல்ல உடம்பைத்தான் அமுக்குது, தோளை இன்னும் தொடலை. உடம்பு இளைச்சா தோள் மேல ஏறத்தான் செய்யும். இன்னும் சித்த எறக்குனா டை தோளைத் தொடும், அப்புறம் நம்பரு எறங்க ஆரம்பிக்கும். 1.629 வந்ததும் நிறுத்தி, பூட்டு வளையத்தை இறுக்குங்க. இறுக்கும்போது டை நவுந்துருச்சான்னு மறுபடி ஒண்ணை அளந்து பாத்துக்கோங்க.

எண்ணெயும் அளவோட. போடலைன்னா கூடு டைக்குள்ள சிக்கிக்கும். அதை எடுக்கப் பட்ட பாட்டை வந்த மூணாம் நாளே பாத்தேன். இங்கிலீசுல திட்டுனீங்க, பேரன் அதுல ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டான். அதுக்குப் பயந்து இப்ப சாமிக்கு எண்ணெய்க் காப்புப் பண்றாப்பல ஊத்தறீங்க. எச்சா எண்ணெய் தோள்ல தேங்குனா வெளிய போக வழியில்லாமப் பித்தளையைக் குழிச்சு வெச்சுடும். வெரல்ல தொட்டு உடம்புல தடவுனாப் போதும்.

இன்னொரு பழமை. பித்தளை ரோசக்கார உலோகம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேந்த சாதி. அடிக்க அடிக்க வெறைச்சுக்கும். எங்க ஊருக்குப் பாத்திரம் தட்ட வர்ற கன்னாரு என்ன பண்ணுவாரு? நாலு தட்டுத் தட்டுவாரு, நெருப்புல காட்டுவாரு, மறுபடி தட்டுவாரு. காட்டாமத் தட்டுனாக் குடம் விரிஞ்சு போகும்னு அவருக்குத் தெரியும். உங்க கூடும் அப்பிடித்தான். அஞ்சாறு வாட்டி சுட்டு அமுக்குனதும் வெறைச்சுக்கிட்டு, டை அமுக்குனாலும் வெளிய வந்ததும் "போடா"ன்னு பழையபடி துள்ளிக்கும். டையை நீங்க தொடவேயில்லை, ஆனாலும் போன மாசம் ரெண்டு தவ்வு தட்டுனது இந்த மாசம் அரைத் தவ்வுதான் தட்டுது. பூட்டி வெச்சாச்சேன்னு நம்பி இருக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் அளங்க. கழுத்தையும் தோளையும் மட்டும் பக்குவமாச் சூடு காட்டி எளக்கி விடுங்க. அடியில மட்டும் சூடு போகவே கூடாது. அமுக்கத்தைத் தாங்கறது அதுதான். ஒருவாட்டி சுட்டதையும் ஆறுவாட்டி சுட்டதையும் ஒரே டப்பாவுல கலந்து வெச்சுக்கிட்டு, "நம்பரு ஏன் ஆடுது மாமா?"ன்னு கேக்காதீங்க. பால்வாடிப் பிள்ளையையும் பட்டாளத்துக்காரனையும் ஒரே வரிசையில நிறுத்துனா வரிசை ஆடத்தான் செய்யும்.

அப்புறம் அந்த அரைத் தவ்வு. நேத்து ஒரு கூடு 1.6235, இன்னொண்ணு 1.624 காட்டுச்சுன்னு ராத்திரிச் சோறு திங்காம உக்காந்திருந்தீங்க. உங்க காலிப்பர் அட்டையில என்ன போட்டிருக்குதுன்னு படிச்சேன்: கூடக் கொறைய ஒரு தவ்வுன்னு அதுவே ஒத்துக்குது! கடிகாரமே அஞ்சு நிமிசம் முன்னப் பின்ன ஓடும்னு சொல்லும்போது, வினாடி முள்ளைப் பாத்து அழுவறதுல என்ன இருக்குது? சந்தேகமா இருந்தா ரெண்டாவது சாட்சியைக் கூப்பிடுங்க. போல்ட்டுல இருக்கற ஊசியையும் கூட்டைத் தள்ளற ஸ்ப்ரிங்கையும் கழட்டிட்டு, தட்டுன வெறுங்கூட்டை உள்ள விட்டுக் கைப்பிடியை விடுங்க. வெறுங்கூடு, மருந்தும் இல்லை, குண்டும் இல்லை, ப்ரைமரும் இல்லை, ஞாபகம்! கைப்பிடி தன் பாரத்துலயே எறங்குனா எடம் இருக்குது. மல்லுக்கட்டுனா இன்னும் தட்டோணும். நம்பரு பொய் சொல்லும், கைப்பிடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எடமே குடுக்காம விட்டாலும் தப்புத்தான். போல்ட்டை மூட உள்ளங்கையால அறைவீங்க, துப்பாக்கி நவுரும், குறி போகும், அப்புறம் காத்து மேல பழி போடுவீங்க.

எனக்கு இத்தனை எப்பிடித் தெரியும்னு கேக்கறீங்களா? பட்டறைக்குப் போன மொத வருசம், பம்பு தண்டு ஒண்ணு கடைஞ்சேன். பேரிங்கு உக்கார்ற எடத்துல மூணு தவ்வு எச்சா சீவிட்டேன். "மூணு தவ்வுதானுங்களே, கண்ணுக்கே தெரியாது"ன்னு மேஸ்திரிகிட்டச் சொன்னேன். அவரு ஒண்ணும் பேசலை. பேரிங்கை எடுத்துத் தண்டுல விட்டாரு. அது எங்கயும் நிக்காம வழுக்கி, என்ற கால் பெருவெரலு மேல விழுந்துச்சு. "கண்ணுக்குத் தெரியலை, காலுக்குத் தெரிஞ்சுதா?"ன்னு கேட்டாரு. அப்புறம் அந்தத் தண்டை என்ற லேத்துக்கு நேரா சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சுட்டாரு. நான் வேலையை விட்டு வர்ற வரைக்கும் அது அங்கயே தொங்குச்சு. அதுக்கப்புறம் நான் எச்சா சீவுனதில்லை. சீவலாம்னு தோணும்போதெல்லாம் தண்டு பாக்கும்.

இந்தப் பொளந்த கூட்டை நெனைவா ஊருக்குக் கொண்டுபோகச் சொல்றீங்க. நல்ல மனசு. ஆனா ஏர்ப்போர்ட்டுல என்ற பையில தோட்டாக் கூடு கெடந்தா, "இது ஒண்ணுமில்லீங்க, தோளு பம்ப்பு"ன்னு அங்க யாருகிட்ட நான் வெளக்கறது? இங்கயே இருக்கட்டும். பெஞ்சுக்கு மேல, நீங்க கைப்பிடியை இழுக்கும்போது கண்ணுக்கு நேரா வர்ற எடத்துல ஒரு ஆணி அடிச்சு மாட்டிக்கோங்க.

ஆணி எத்தனை தவ்வுன்னு அளக்க வேண்டாம். அடிச்சுட்டு, அந்த டப்பாவை எல்லாம் ஒரு ஓரமா ஒதுக்குங்க மாப்ள. காரு உள்ள வரட்டும்.